கம்பியை வெட்டி அழுத்தத்தையும் அடைக்கும் கேட் வால்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய், எரிவாயுக் கிணற்றின் தலையில் இருக்கும் கேட் வால்வுகளை வடிவமைப்பதும் பிரித்துப் பார்ப்பதும்தான் என் வேலை. புதிதாகச் சேரும் பொறியாளர்களும் வயர்லைன் குழுவினரும் ஒரே சந்தேகங்களை மாற்றி மாற்றிக் கேட்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் விளங்கிக்கொள்வதற்குத்தான். அப்படியே எடுத்து வரைபடத்தில் போட்டுவிட வேண்டாம்.

கேட் வால்வுன்னா திறக்கவும் மூடவும்தானே? அது எதுக்குக் கம்பியை வெட்டணும்?

கிணறு உயிரோடு இருக்கும்போதே, அதாவது உள்ளே அழுத்தம் இருக்கும்போதே, கம்பியில் கருவிகளைக் கட்டிக் கீழே இறக்கும் வேலைதான் வயர்லைன். அந்தக் கம்பி கிணற்றுத் தலையில் அடுக்கியிருக்கும் வால்வுகளின் (கிறிஸ்துமஸ் ட்ரீ என்பார்கள்) துளை வழியாகத்தான் போகிறது. கம்பி உள்ளே இருக்கும் நேரம் பார்த்து மேலே லூப்ரிகேட்டர் குழாயிலோ (ட்ரீயின் மேல் நிறுத்தி, கருவியை உள்ளே விட உதவும் குழாய்) ஸ்டஃபிங் பாக்ஸிலோ (கம்பியைச் சுற்றி அடைக்கும் உறுப்பு) பெரிய கசிவு வந்து, வயர்லைன் பிஓபியும் (கம்பியைச் சுற்றி மூடும் அவசர அடைப்பான்) கைகொடுக்கவில்லை என்றால், ட்ரீயில் உள்ள ஒரு வால்வை மூடியே ஆக வேண்டும். நடுவில் கம்பி நிற்கிறது. வெட்டினால்தான் மூடும், முழுதாக மூடினால்தான் அடைக்கும்.

வெட்டுவது கடைசி வழி. வெட்டினால் கருவியும் ஆயிரக்கணக்கான அடிக் கம்பியும் கிணற்றுக்குள் விழும். அதை மீன்பிடிப்பது போலத் தேடி எடுக்க நாள்கணக்கில் ஆகலாம்.

வால்வைப் பிரிச்சுப் பாத்தேன், கத்தி எதையும் காணோமே?

தனியாகக் கத்தி கிடையாது. கேட் என்பது நடுவே வட்டத் துளை போட்ட தடித்த பலகை. அதன் இரு முகங்களையும் ஒட்டி வளையம் போன்ற இரண்டு சீட்டுகள். திறந்திருக்கும்போது மூன்று துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கேட் நகரும்போது அதன் துளை விளிம்பும் சீட்டின் உள்விளிம்பும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் போல ஒன்றையொன்று கடக்கின்றன. திறப்பு பிறை போலச் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கம்பியின் பருமனுக்கு வரும்போதுதான் வெட்டு தொடங்குகிறது. 78 மி.மீ. துளை என்றால் ஏறக்குறைய 75 மி.மீ. நகர்ந்த பிறகு. வெட்டு ஸ்ட்ரோக்கின் (கேட் நகரும் முழுத் தூரம்) கடைசியில் நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெட்ட எவ்வளவு விசை வேணும்? கணக்குப் போட்டுக் காட்டுங்க.

பரவலாகப் பயன்படும் 0.108 அங்குல ஸ்லிக்லைனை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் கம்பி, விட்டம் 2.74 மி.மீ., குறுக்குப் பரப்பு சுமார் 5.9 சதுர மி.மீ. இழுத்தால் ஏறக்குறைய 1 டன் பளுவில் அறும். வெட்டு விசை இழுவிசையில் 60 சதவீதம் என்று வைத்தால் 0.6 டன். கேட்டின் இரு பக்கமும் சீட் இருப்பதால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டி வரலாம், எனவே 1.2 டன்.

இது புத்தம்புது விளிம்புக்கு. விளிம்பு மழுங்கினால், கேட்டுக்கும் சீட்டுக்கும் இடைவெளி கூடினால், கம்பி வெட்டுப்படாமல் மடங்கி உள்ளே இழுபடும். அப்போது கணக்கு எகிறிவிடும். சூத்திரத்தில் வரும் எண்ணை ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் எடுப்பது என் வழக்கம்.

அழுத்தம் கேட்டை சீட்டோட அமுக்குமே, அப்புறம் எப்படி நகரும்?

அமுக்கத்தான் செய்யும். அடைப்பு கிடைப்பதே அதனால்தான். மேலே சொன்ன ஒற்றைப் பலகைக் கேட்டை ஸ்லாப் கேட் என்பார்கள். அது இரு சீட்டுகளுக்கும் நடுவில் கொஞ்சம் மிதந்துகொண்டிருக்கும். கீழிருந்து வரும் கிணற்று அழுத்தம் அதை மேல் சீட்டோடு ஒட்டித் தள்ளுகிறது. 10,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம், சீட்டின் அடைப்பு விட்டம் 89 மி.மீ. என்றால் கேட்டின் மேல் விழும் பளு சுமார் 44 டன். உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்தால், இழுக்க 4.4 டன் வேண்டும்.

இதற்கு எதிராக வேலை செய்வதும் அதே அழுத்தம்தான். வால்வின் உடலுக்குள் நிறையும் அழுத்தம் ஸ்டெம்மை (கேட்டை நகர்த்தும் தண்டு) வெளியே தள்ளுகிறது. 38 மி.மீ. ஸ்டெம் என்றால் அந்தத் தள்ளல் சுமார் 8 டன். பாதுகாப்பு வால்வுகளில் ஸ்டெம் வெளியே வந்தால் வால்வு மூடும்படி கேட்டின் துளையை இடம் மாற்றி வைப்பது இதற்காகத்தான். அவற்றை இயக்கும் ஆக்சுவேட்டரில் திறந்து வைப்பது ஹைட்ராலிக் பிஸ்டன், மூடத் தள்ளுவது ஸ்பிரிங். ஹைட்ராலிக் அழுத்தம் போனால், கிணறே தன் அழுத்தத்தால் வால்வை மூடிக்கொள்ளும்.

அப்ப அழுத்தம் அதிகமா இருக்கும்போதுதான் வெட்டுறது கஷ்டம், சரியா?

பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். மேலே உள்ள எண்களையே பாருங்கள். முழு அழுத்தத்தில் ஸ்டெம்மின் 8 டன் தள்ளலில் உராய்வுக்கு 4.4, கம்பிக்கு 1.2 போனாலும் மிச்சம் இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை.

கிணற்றில் அழுத்தமே இல்லாதபோது உராய்வும் இல்லை, ஸ்டெம்மின் தள்ளலும் இல்லை. முழுப் பாரமும் ஸ்பிரிங்கின் தலையில். ஸ்பிரிங்கோ வால்வு திறந்திருக்கும்போது நன்றாக அமுங்கி வலுவாக இருக்கும், மூட மூடத் தளர்ந்துகொண்டே வரும். வெட்டு நடப்பது ஸ்ட்ரோக்கின் கடைசியில், ஸ்பிரிங் மிகவும் சோர்ந்திருக்கும் இடத்தில். போதாததற்கு, அமுக்க அழுத்தம் இல்லாததால் கேட் தளர்வாக மிதக்கும், கத்தரி அலகுகளுக்கு நடுவே இடைவெளி திறந்து கிடக்கும். ஆக்சுவேட்டர் வாங்கும்போது ‘அதிகபட்ச ஸ்பிரிங் விசை’ என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார்கள். அது வேண்டாம், மூடிய நிலையில் எவ்வளவு என்று கேளுங்கள்.

லூப்ரிகேட்டர் பிய்த்துக்கொண்டு கிணறு வெளியே பீறிடும் நிலையும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். திறந்த வாயில் பாய்வதால் ட்ரீக்குள் அழுத்தம் இறங்கியிருக்கும். திறப்பு குறுகும்போதுதான் அழுத்தம் ஏறி ஸ்டெம்மின் தள்ளலும் கூடும்.

அப்ப பெரிய ஸ்பிரிங்காப் போட்டா முடிஞ்சுதே?

போடலாம். ஆனால் திறக்கும்போது ஹைட்ராலிக் பிஸ்டன் அந்த ஸ்பிரிங்கையும் அமுக்க வேண்டும், ஸ்டெம்மின் 8 டன்னையும் 4.4 டன் உராய்வையும் சேர்த்து வெல்ல வேண்டும். ஸ்பிரிங் 6 டன் என்றால் மொத்தம் 18 டன்னுக்கு மேல். 3,000 பிஎஸ்ஐ ஹைட்ராலிக்கில் 105 மி.மீ. பிஸ்டன் கேட்கும். ஸ்பிரிங்கை இரட்டிப்பாக்கினால் பிஸ்டன், உறை, எடை எல்லாம் கூடும். ட்ரீயின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தொங்கும் அந்த எடை பானெட் (வால்வு உடலின் மூடி) போல்ட்டுகளில்தான் போய் நிற்கும். மூடும் பக்கமும் ஹைட்ராலிக் உதவி கொடுப்பது இன்னொரு வழி. ஆனால் ஹைட்ராலிக் போனால் தானாக மூட வேண்டும் என்று வாங்கிய வால்வு, வெட்டுவதற்கு அதே ஹைட்ராலிக்கை நம்புவது எனக்கு உவப்பில்லை.

கேட்டை நல்லா ஹார்டன் பண்ணிட்டா எந்தக் கம்பியும் வெட்டுமே?

கம்பியின் கடினத்தை யாரும் கேட்பதில்லை. 1,700 மெகாபாஸ்கல் வலுவுள்ள ஸ்லிக்லைன், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் ஏறக்குறைய 50 வரும். கிணற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால், நேஸ் எம்ஆர் 0175 (ஐஎஸ்ஓ 15156) தரப்படி சாதாரண, குறைகலவை எஃகின் கடினம் 22-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சல்ஃபைடு விரிசல் விழும். 50 உள்ள கம்பியை 22 உள்ள விளிம்பால் வெட்டப் பார்த்தால் கம்பிதான் கேட்டில் பள்ளம் போடும்.

கேட்டின் முகங்களில் எச்விஓஎஃப் முறையில் (சூடான வாயுவில் பொடியை அதிவேகமாகத் தெளிப்பது) டங்ஸ்டன் கார்பைடு பூசுகிறோம், விக்கர்ஸ் என்ற இன்னொரு அளவில் அதன் கடினம் 1,000-ஐத் தாண்டும். தேய்மானத்துக்கு அருமையானது. ஆனால் அது மிக மெல்லிய, நொறுங்கும் பூச்சு. கூர் விளிம்பில் கம்பி அழுத்தினால் பீங்கான் தட்டின் ஓரம் போலத் தெறிக்கும். அடியில் உள்ள உலோகம் மென்மையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் தெறிக்கும். வெட்டும் விளிம்புக்கு இன்கோனல் 718 (நிக்கல் கலவை) உடல், அல்லது ஸ்டெல்லைட் 6 (கோபால்ட் கலவை) படிவம் எனக்குப் பிடிக்கும். இன்கோனல் 718-க்கு நேஸ் தரம் 40 வரை இடம் தருகிறது. இரண்டுமே கம்பியைவிடக் கடினமில்லைதான். ஆனால் விளிம்புக்குப் பின்னால் தடித்த உலோகம் தாங்கி நிற்கிறது, கம்பிக்கு அப்படி எதுவும் இல்லை.

வெட்டுற விளிம்பும் அடைக்கிற முகமும் ஒரே இடம்தானே? வெட்டினா அடைப்பு கெட்டுப்போகாதா?

இந்த வேலையின் முழுச் சிக்கலும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. மெட்டல்-டு-மெட்டல் அடைப்புக்கு முகங்கள் கண்ணாடி போல மழமழவென்று லேப் (நுண்பொடியால் தேய்த்து இழைப்பது) செய்யப்பட்டிருக்க வேண்டும். வெட்டுவது முரட்டு வேலை. இரண்டையும் ஒரே சீட் செய்ய வேண்டும்.

சீட்டின் முகத்தை இரண்டாகப் பிரிப்பதுதான் வழி. துளையை ஒட்டிய உள்வளையம் வெட்டுக்கு, அதற்கு வெளியே ஒரு சிறு பள்ளம் விட்டு வரும் பட்டை அடைப்புக்கு. கம்பி உள்வளையத்தில் காயம் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், அது அடைப்புப் பட்டைக்குப் போகாது. கேட் பக்கம் அவ்வளவு எளிதல்ல. வெட்டிய துளை விளிம்பு, வெட்டியதோடு நிற்காமல் அடைப்புப் பட்டையைத் தாண்டிச் செல்கிறது. அந்த விளிம்பில் பிசிறு எழும்பியிருந்தால் ஏர் உழுவது போலப் பட்டையைக் கீறிக்கொண்டே போகும். எனவே கேட் விளிம்பில் பள்ளம் விழுந்தால் பரவாயில்லை, மேடு எழக் கூடாது. பள்ளம் விழுந்த இடம், வால்வு முழுதாக மூடியதும் பட்டைக்கு வெளியே போய்விடும்படி ஸ்ட்ரோக்கைக் கூட்டி வைக்க வேண்டும். விளிம்பில் இழைத்துவிட்ட நுண்ணிய ஆரம் இதற்கு நல்லது. முழுக் கூர்மை வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் முதல் வெட்டில் ஜெயித்து, அடுத்து வரும் அழுத்தச் சோதனையில் தோற்பார்கள்.

ரெண்டு இடத்துல வெட்டினா நடுத்துண்டு எங்க போகும்?

கேட்டின் துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, கேட்டோடு சேர்ந்து உடலின் குழிக்குள் போகும். அங்கே அது வெளியே நழுவி, அடுத்த முறை கேட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே வந்தால் தொல்லைதான்.

அதனால் இரண்டாவது வெட்டே வேண்டாம் என்பது என் கட்சி. கேட்டின் கீழ் முகத்தில், வெட்டும் பக்கத்துத் துளை விளிம்பைக் கம்பியின் விட்டத்துக்கு மேல் சரித்து ஒதுக்கிவிடுங்கள். மேல் சீட்டில் மட்டும் வெட்டு விழும். அறுந்த கீழ்க் கம்பி கருவியின் கனத்தால் கிணற்றுக்குள் இறங்கிவிடும், துண்டு மிஞ்சாது. வெட்டு விசையும் 1.2-லிருந்து 0.6 டன்னாகிறது. மேல் சீட்டைத் தேர்ந்தெடுக்க வேறொரு காரணமும் உண்டு. அழுத்தம் கேட்டை அந்தப் பக்கம்தான் ஒட்டித் தள்ளுகிறது, அலகுகளுக்கு நடுவே இடைவெளி இருக்காது. கீழ் முகத்தில் ஒதுக்கிய அளவுக்கு அடைப்புப் பரப்பு குறையும், அதை ஈடுகட்டக் கேட்டும் ஸ்ட்ரோக்கும் சற்று நீளும். கம்பி தளர்ந்து, சுருண்டு கிடந்தால் இந்த ஏற்பாடு முழுதாகக் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்லிக்லைனை வெட்டுற வால்வு கேபிளையும் வெட்டும்தானே?

வெட்டும் என்று யாராவது சொன்னால் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். 7/32 அங்குல மின்கேபிள் 5.56 மி.மீ. இருக்கும். அறுபடும் பளு 2.5 டன் என்று வைத்தால், ஒரு வெட்டுக்கு 1.5 டன். விசையாவது கணக்கில் பிடிபடும், உள்ளமைப்புதான் ஏமாற்றும். வெளியே இரண்டு அடுக்குக் கவசக் கம்பிகள், ஒவ்வொன்றும் 1 மி.மீ.க்கும் குறைவு. உள்ளே பிளாஸ்டிக் உறை, நடுவில் செம்பு. அழுத்தினால் கேபிள் நசுங்கி அகலமாகிறது, இழைகள் தனித்தனியாக விரிகின்றன.

தகடு வெட்டும் பட்டறையில் அலகுகளின் இடைவெளி தகட்டுத் தடிப்பில் 5 முதல் 10 சதவீதம் என்பது பழைய கணக்கு. 2.74 மி.மீ. ஸ்லிக்லைனுக்கு 0.2 மி.மீ. இடைவெளி தாங்கும். 0.8 மி.மீ. இழைக்கு அதே 0.2 என்பது கால் பங்கு. இழை அறாமல் மடிந்து இடுக்குக்குள் படுத்துக்கொள்ளும். அழுத்தமில்லாதபோது கேட் மிதக்கும் என்று முன்பு சொன்னது இங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது. சீட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்து, அழுத்தமில்லாவிட்டாலும் சீட்டைக் கேட்டோடு ஒட்டியே வைத்திருப்பது கேபிளுக்கு மிக அவசியம்.

எக்ஸ்பாண்டிங் கேட் ரெண்டு பக்கமும் இறுக்கி அடைக்குமே, அதை வெட்ட வைக்கலாமா?

அது இரு பாதிகள் ஆப்பு போல ஒன்றையொன்று தள்ளி விரியும் கேட். இறுகுவது முழுதாகத் திறந்த நிலையிலும் முழுதாக மூடிய நிலையிலும்தான். இடையில் நகரும்போது சுருங்கிக்கொள்ளும், சீட்டோடு இடைவெளி விழும். வெட்டு நடப்பது அந்த இடைவழியில். தவிர, கேட்டின் இரு பாதிகளுக்கு நடுவே ஓர் இழை புகுந்தால் ஆப்பு வேலை செய்யாது. நான் ஸ்லாப் கேட் பக்கம்.

ட்ரீயில எந்த வால்வை வெட்டுற வால்வா வைக்கணும்?

வழக்கமாக ஹைட்ராலிக்கில் இயங்கும் மேல் மாஸ்டர் வால்வு (ட்ரீயின் இரண்டு முதன்மை வால்வுகளில் மேலே உள்ளது). அதற்குக் கீழே கையால் இயக்கும் கீழ் மாஸ்டர் இருக்கிறது. அதைக் காப்பாற்றி வைக்க வேண்டும். மேல் மாஸ்டர் வெட்டிக் காயப்பட்டாலும், அறுந்த கம்பி கீழே போன பிறகு கீழ் மாஸ்டரை மூடி மேலே பழுது பார்க்கலாம். கீழ் மாஸ்டரால் வெட்டிவிட்டு அது கசிந்தால், ட்ரீயில் அதற்குக் கீழே மூட ஒன்றுமில்லை.

கம்பி உள்ள இருக்கும்போது யாராவது தெரியாம அவசர நிறுத்தத்தைத் தட்டிட்டா?

வால்வு தன் கடமையைச் செய்து கம்பியை வெட்டிவிடும். அதற்காகத்தான் வயர்லைன் வேலை நடக்கும்போது மேல் மாஸ்டரின் ஹைட்ராலிக் கட்டுப்பாட்டை வயர்லைன் குழுவின் பலகைக்கு மாற்றுகிறார்கள், அல்லது ஆக்சுவேட்டரின் மேல் ‘லாக் ஓப்பன்’ மூடியைத் திருகுகிறார்கள். அந்த மூடியில் சூட்டில் உருகும் வகை உண்டு. தீப்பிடித்தால் உருகி ஸ்டெம்மை விட்டுவிடும், வால்வு மூடிக்கொள்ளும். உருகாத வகையை மாட்டிவிட்டு, வேலை முடிந்ததும் கழற்ற மறப்பது ஆபத்து. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

கைச்சக்கரம் உள்ள வால்வைச் சுத்தியே ஸ்லிக்லைனை வெட்டிடலாம்னு சொல்றாங்களே?

திருகு ஸ்டெம்மின் விசை பெரிது, மெல்லிய கம்பி அறுந்தாலும் அறும். ஆனால் வால்வு அதற்காகச் சோதிக்கப்பட்டதல்ல, அடைக்கும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். எந்தக் கை வால்வுக்கும் முழுதாக மூட எத்தனை சுற்று என்று முன்பே எண்ணி எழுதி வையுங்கள். 22 சுற்றில் மூடும் வால்வு 21-இல் முட்டினால், உள்ளே ஏதோ நிற்கிறது. அப்போது சக்கரத்தில் குழாயைச் செருகி நெம்பாதீர்கள்.

கிணத்துக்குள்ள கீழே ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கே, அது வெட்டாதா?

உற்பத்திக் குழாய்க்குள் இருக்கும் அந்த வால்வு பெரும்பாலும் கதவு போல மடியும் ஃபிளாப்பர் வகை. சின்ன ஸ்பிரிங்தான் அதைச் சாத்துகிறது. கம்பி குறுக்கே நின்றால் கதவு கம்பியின் மேல் சாய்ந்து நிற்கும், அடைக்காது, ஃபிளாப்பரின் அடைப்பு முகமும் கெடலாம். அதை நம்பி மேலே வெட்டு வசதியைக் குறைக்க வேண்டாம்.

வெட்டும் திறனை எப்படிச் சோதிக்கணும்? ஏபிஐ 6ஏ முத்திரை இருந்தா போதாதா?

ஏபிஐ 6ஏ என்பது கிணற்றுத் தலைக் கருவிகளுக்கான அமெரிக்கத் தரநிலை. அதன் முத்திரை அழுத்தத்துக்கும் பொருளுக்கும் தரத்துக்கும் உத்தரவாதம். 10,000 பிஎஸ்ஐ வால்வின் உடல் 15,000-இல் சோதிக்கப்பட்டிருக்கும். எந்தக் கம்பியை, எத்தனை முறை, எந்த நிலையில் வெட்ட வேண்டும் என்பதை வாங்குபவர் எழுத்தில் கேட்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்: உடலில் அழுத்தம் பூஜ்யம், கம்பியில் இழுவிசை இல்லை, ஹைட்ராலிக் உதவி இல்லை, வேலையில் பயன்படும் அதே கம்பி. வெட்டிய உடனே, பிரிக்காமல், துடைக்காமல், கிரீஸ் ஏற்றாமல், சீட் சோதனை. முதலில் முழு அழுத்தத்தில், பிறகு 300 பிஎஸ்ஐ வாயுவில்.

அந்த 300-ஐப் பலர் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். ஒருமுறை கேபிள் வெட்டிய வால்வு 10,000-இல் ஒரு குமிழிகூட விடாமல் நின்றது, எல்லோரும் கைகொடுத்துக்கொண்டோம். 300-க்கு இறக்கியதும் தண்ணீர்த் தொட்டியில் குமிழிகள் வரிசையாக ஏறின. பிரித்தால், மேல் சீட்டின் பட்டைக்குக் குறுக்கே தலைமுடி அளவில் ஒரு செம்பு இழை, தகடாக நசுங்கிப் படுத்திருந்தது. 44 டன் அமுக்கியபோது அதுவே அடைப்பான் போல இருந்துவிட்டது, பளு குறைந்ததும் கேட் அதன் மேல் மிதந்தது.

ஒரு தடவை வெட்டின வால்வைத் திரும்பவும் பயன்படுத்தலாமா?

அந்த வேலை முடியும் வரை அடைப்பதற்கு, ஆம். அதற்கு மேல், பிரித்துப் பார்க்காமல் கூடாது. கேட் விளிம்பு, சீட்டின் உள்வளையம், பூச்சில் விரிசல் ஆகியவற்றைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். பலரும் பார்க்காமல் விடுவது உடல் குழியின் கோடியை, ஆக்சுவேட்டருக்கு எதிர்ப்பக்கத்தை. திறக்கும்போது கேட் அந்தப் பக்கம்தான் போகிறது. கிரீஸில் புதைந்த இழைத்துண்டுகளை முன்னால் தள்ளிக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிடும். இரண்டு மி.மீ. குப்பை சேர்ந்தாலும் கேட் முழுதாகத் திறக்காது, துளையில் இரண்டு மி.மீ. படிக்கட்டு நிற்கும். கம்பி அதைத் தாண்டிப் போகும். அடுத்த முறை கருவியை மேலே இழுக்கும்போது அதன் தோள் அந்தப் படியில் தட்டும். கீழே எங்கோ சிக்கிவிட்டது என்று நினைத்து வின்ச்சை இன்னும் முறுக்குவார்கள்.